பழைய சைபன் காபி கருவிக்கு வடிகட்டியை நாமே செய்துகொள்வது: முழுமையான வழிகாட்டி

சைபன் காபி கருவி என்பது ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தும் இரண்டு குடுவைகள், நடுவே ஒரு தண்டுக் குழாய், ஒரு வடிகட்டி. பழைய கருவி ஒன்று கைக்கு வரும்போது கண்ணாடி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது வடிகட்டிதான். துணி மக்கியிருக்கும், ஸ்பிரிங் துருவேறியிருக்கும், இல்லையென்றால் மொத்தமாகவே காணோம். செய்த நிறுவனம் எப்போதோ மூடியிருந்தால் உதிரிப் பாகம் கேட்க ஆளில்லை. இப்படித்தான் நல்ல நல்ல கருவிகள் அலமாரியில் காட்சிப் பொருளாக நின்றுவிடுகின்றன. எனக்கு அதைப் பார்க்கவே மனசு வராது. ஒரு சாண் பருத்தித் துணி, ஊசி நூல், கொஞ்சம் எவர்சில்வர் கம்பி இருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றில் மறுபடி காபி போட்டுவிடலாம்.

வேலையில் இறங்குமுன் ஒரு விஷயம். வடிகட்டி செய்யப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் துணியின் நெசவைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் நெசவு இரண்டாம் பட்சம். வடிகட்டியின் விளிம்பு கண்ணாடியோடு சுற்றிலும் ஒட்டி உட்காருகிறதா, நடுவில் இழுத்துப் பிடிக்கும் விசை நேராக இருக்கிறதா, இந்த இரண்டும்தான் காபி தெளிவாக இறங்குமா என்பதை முடிவு செய்கின்றன. சாதாரணத் துணியும் சரியாக உட்கார்ந்தால் அருமையாக வடிக்கும். விலையுயர்ந்த துணி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் சக்கை எல்லாம் கீழே வந்துவிடும்.

வடிகட்டி செய்யும் வேலை

கீழ்க் குடுவையில் தண்ணீர் சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்றும் நீராவியும் விரிந்து, தண்ணீரைத் தண்டுக் குழாய் வழியாக மேல் குடுவைக்குத் தள்ளுகின்றன. அங்கே காபித்தூளோடு கலந்து ஊறுகிறது. அடுப்பை அணைத்ததும் கீழே உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிட, அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் காபியை வடிகட்டி வழியாகக் கீழே அழுத்தி இறக்குகிறது. ஆக, வடிகட்டி இரண்டு திசையிலும் வேலை செய்கிறது. மேலேறும் தண்ணீருக்கும் குமிழிக்கும் வழி விட வேண்டும், அந்த உதைப்பில் இடம் பெயராமலும் இருக்க வேண்டும். இறங்கும்போது சக்கையை நிறுத்த வேண்டும், அதே சமயம் அடைத்துக்கொள்ளவும் கூடாது. கைவசம் உள்ளதை வைத்துச் செய்யும் வடிகட்டிகள் பெரும்பாலும் தோற்பது முதல் பாதியில்தான். வடிப்பதை யோசிக்கிறோம், உதைப்பை மறந்துவிடுகிறோம்.

உங்கள் கருவி எந்த வகை?

இந்த முறையின் வயது அதிகம். 1830-களில் பெர்லினிலும், 1840-களில் பிரான்சின் லியோன் நகரில் மேடம் வாசியூவின் கருவியிலும் இது உருப்பெற்றுவிட்டது. ஆனால் இன்று பழைய பொருளாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சைலெக்ஸ், கோரி, கோனா ஆகிய நிறுவனங்களின் கருவிகள் கண்ணாடி. சன்பீம் காபிமாஸ்டர் உலோகம். டென்மார்க்கின் போடம் 1958-இல் கொண்டுவந்த சான்டோஸும் உண்டு. ஜப்பானின் ஹாரியோ இன்றும் புதிதாகச் செய்கிறது.

பெயரை விட முக்கியம், மேல் குடுவையின் அடிப்பகுதி எப்படி இருக்கிறது என்பது. தண்டின் வாய் வட்டமாக, வழவழப்பாக, சற்றே உள்வாங்கி இருந்தால் அது கண்ணாடிக் கம்பி வடிகட்டிக்கும் (துணிக்குப் பதில் தண்டின் வாயில் உட்காரும் கண்ணாடித் துண்டு) ஒத்துவரும். அடிப்பகுதி அகலமாக, ஏறக்குறைய தட்டையாக இருந்தால் துணி போர்த்திய வட்டத் தட்டுதான் பொருத்தம். துணித் தட்டு வகையில், தட்டின் நடுவிலிருந்து ஒரு ஸ்பிரிங்கும் சங்கிலியும் தண்டுக்குள் இறங்கி, தண்டின் கீழ் நுனியில் ஒரு கொக்கியால் மாட்டிக்கொள்ளும். நாம் பெரும்பாலும் செய்யப் போவது இதைத்தான். கம்பி வடிகட்டிக்கென்று செய்த குடுவையிலும், அடிப்பகுதியில் ஒரு தட்டு உட்கார இடம் இருந்தால் இது வேலை செய்யும்.

அளவெடுப்பது

ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இங்கே அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே கோணலாகிவிடும்.

முதலில் தட்டு உட்காரும் இடத்தின் விட்டம். கெட்டியான அட்டையில் 45, 50, 55 மி.மீ. விட்டத்தில் வட்டங்கள் வெட்டி ஒவ்வொன்றாக மேல் குடுவைக்குள் போட்டுப் பாருங்கள். மட்டமாக உட்கார்ந்து, விளிம்பு சுற்றிலும் கண்ணாடியைத் தொட வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். இரண்டு அளவுகள் பொருந்தினால் பெரியதை எடுங்கள். பரப்பு கூடினால் அடைப்பு குறையும். துணி சுற்றியதும் விட்டம் ஒன்றிரண்டு மி.மீ. கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து தண்டின் நீளம். முனையில் சிறு கனம் கட்டிய நூலை வடிகட்டி உட்காரும் இடத்திலிருந்து தண்டின் கீழ் நுனி வரை விட்டு, அந்த இடத்தில் முடிச்சுப் போடுங்கள். கடைசியாகத் தண்டின் கீழ் நுனியைப் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தாலோ விரிசல் ஓடியிருந்தாலோ அங்கே கொக்கி மாட்டக் கூடாது. அந்தக் குடுவையைச் சூடுபடுத்தவே வேண்டாம்.

துணியைத் தேர்ந்தெடுப்பது

சாயம் போடாத, வெளுக்காத பருத்தித் துணிதான் வேண்டும். காடாத் துணி, நெருக்கமாக நெய்த மல் துணி இரண்டு மடிப்பு, பருத்திப் பிளானல் எல்லாமே நடக்கும். என் முதல் தேர்வு பிளானல். அதன் மென்மையான மயிர் நுண்தூளைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் மயிர் உள்ள பிளானல் என்றால், வழவழப்பான பக்கம் காபித்தூளைப் பார்க்கும்படி வைக்கிறேன். அலசும்போது சக்கை வழுக்கிக்கொண்டு போகும். மயிர்ப் பக்கத்தை வெளியே வைப்பவர்களும் உண்டு. காபி இன்னும் கொஞ்சம் தெளியும், ஆனால் சீக்கிரம் அடைக்கும்.

ஒதுக்க வேண்டியவற்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பாலியஸ்டர் கலந்த துணி வேண்டாம். சுருக்கம் விழாத துணி என்று விற்பதில் ரசாயனப் பூச்சு இருக்கும். குழந்தைகளின் இரவு உடைக்கான பிளானலில் தீப்பிடிக்காமல் இருக்க மருந்து ஏற்றியிருக்கக்கூடும். பழைய சட்டையை வெட்டலாமே என்று தோன்றும். ஆண்டுக்கணக்கில் ஏறிய சோப்பும் வாசனையும் கொதிக்கும் தண்ணீரில் அப்படியே வெளியே வரும். வேண்டாம்.

புதுத் துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும். அதை எடுக்காவிட்டால் காபியில் நனைந்த அட்டையின் வாசனை அடிக்கும், துணியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வெட்டுவதற்கு முன்பே துணியைச் சோப்பு போடாமல் 15 நிமிடம் கொதிக்க வைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கொதிக்க வையுங்கள். தண்ணீர் கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை இதைத் தொடருங்கள். துணி சுருங்குவதும் இப்போதே நடந்து முடிந்துவிடும். அதனால்தான் வெட்டுவதற்கு முன் கொதிக்க வைக்கச் சொல்கிறேன். கடைசிக் கொதியில் ஒரு ஸ்பூன் காபித்தூள் போட்டால் பருத்தியின் பச்சை வாசனை அடங்கும்.

வெட்டித் தைப்பது

தட்டின் விட்டத்தோடு 35 மி.மீ. கூட்டினால் துணி வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 50 மி.மீ. தட்டுக்கு 85 மி.மீ. துணி. வட்டத்தை முதலில் காகிதத்தில் வெட்டி, அதை அச்சாக வைத்துப் பென்சிலால் வரையுங்கள். பேனா மை வேண்டாம்.

விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே, கெட்டியான பருத்தி நூலால் சுற்றிலும் ஓட்டுத் தையல் போடுங்கள். ஒவ்வொரு தையலும் 4 அல்லது 5 மி.மீ. இருந்தால் போதும். தொடங்கிய இடத்திலும் முடித்த இடத்திலும் ஒரு சாண் நூலைத் தொங்க விடுங்கள். இரண்டு நுனியும் துணியின் ஒரே பக்கத்தில் வெளிவர வேண்டும். இப்போது துணியை விரித்து, நடுவில் தட்டைக் கவிழ்த்து வைத்து, இரு நுனிகளையும் சேர்த்து இழுத்தால் சுருக்குப் பை போல விளிம்பு தட்டின் அடியில் கூடிக்கொள்ளும்.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டால் மடிப்புகள் ஒரு பக்கமாகக் குவிந்து நிற்கும். அந்தப் பக்கம் தடித்து, எதிர்ப்பக்கம் கண்ணாடியை விட்டு எழும்பும். பாதி இழுத்ததும் நிறுத்துங்கள். துணியை ஈரமாக்கிக்கொண்டு, கட்டைவிரலால் மேல்பரப்பைத் தடவிச் சுருக்கத்தை எல்லாம் விளிம்புக்குத் தள்ளுங்கள். அடியில் மடிப்புகளை நகத்தால் நகர்த்தி, கடிகார முகத்தில் எண்கள் நிற்கும் இடைவெளியில் பரப்புங்கள். அப்புறம் மீதியை இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு நூலை வெட்டுங்கள். மேல்பரப்பில் விரலால் தட்டினால் துணி தளர்ந்து அசையக் கூடாது. அடியில் நடுவில் 15 முதல் 20 மி.மீ. திறப்பு மிஞ்சும். ஸ்பிரிங்கும் சங்கிலியும் இறங்க அது போதும்.

விளிம்பில் ஒரு நூலிழைகூட வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டாம். அந்த இழை கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே கிடந்தால் அதன் ஓரமாகவே நுண்தூள் கசியும்.

தட்டே இல்லையென்றால்

துளையிட்ட எவர்சில்வர் தகடு, 1 மி.மீ. அளவுக்குத் தடிமன், துளைகள் 2 அல்லது 3 மி.மீ. கிடைத்தால் அதிலிருந்து வட்டம் வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, பிறகு உப்புக் காகிதத்தால் வழவழப்பாக்குங்கள். விரலை ஓட்டினால் பிசிறு தட்டக் கூடாது. பிசிறு இருந்தால் துணியைக் கிழிக்கும், கண்ணாடியையும் கீறும். வெட்டும் வசதி இல்லையென்றால், தட்டையான அடியுள்ள எவர்சில்வர் டீ வடிகட்டியோ பிரெஞ்சு பிரஸ் காபி கருவியின் துளைத் தட்டோ சரியான அளவில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

சங்கிலியைக் கோக்கத் தட்டின் நடுவில் பற்றவைக்க வேண்டாம். பற்றவைக்கும் ஈயக் கலவை உணவுப் பொருளில் படக் கூடாது. எவர்சில்வர் கம்பியை U வடிவில் வளைத்து, நடுவிலுள்ள அடுத்தடுத்த இரண்டு துளைகளில் மேலிருந்து நுழைத்து, அடியில் முறுக்கி ஒரு வளையமாக்கினால் போதும். வளையம் மிகச் சரியாக மையத்தில் இருக்க வேண்டும். 3 மி.மீ. விலகினாலும் இழுவிசை ஒரு பக்கம் சாய்ந்து, எதிர் விளிம்பு தூக்கும்.

வளையத்தில் சிறு ஸ்பிரிங், அதன் கீழ் மணிச்சங்கிலி, அதில் ஒரு கொக்கி. எல்லாமே எவர்சில்வராக இருக்கட்டும். குளியலறை அடைப்பான்களில் வரும் சங்கிலி பெரும்பாலும் முலாம் பூசியது. சூட்டில் முலாம் உரியும். துத்தநாகப் பூச்சுள்ள கம்பியும் ஆகாது, காபியின் புளிப்பு அதைக் கரைக்கும். நூலில் போட்ட முடிச்சை வைத்து, ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் கொக்கி தண்டின் நுனிக்கு 10 முதல் 15 மி.மீ. மேலேயே நிற்கும்படி கொக்கியைச் சங்கிலியில் பொருத்துங்கள்; அதற்குக் கீழே நாலைந்து மணி விட்டு மீதியை வெட்டுங்கள். மாட்டும்போது அந்த அளவு இழுக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்புதான் வடிகட்டியை அமர்த்திப் பிடிக்கிறது. கொக்கியை இழுத்துச் சடாரென்று விடாதீர்கள், கண்ணாடித் தண்டில் விழும் சிறு கீறலே நாளைய விரிசல்.

சங்கிலிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொக்கியைத் தாண்டி அதில் கொஞ்சம் நீளம் கீழ்க் குடுவையின் தண்ணீருக்குள் தொங்கினால், குமிழிகள் அதன் மேல் சீராக உருவாகும். வழவழப்பான கண்ணாடியில் தண்ணீர் சத்தமில்லாமல் மிகையாகச் சூடேறி, திடீரென்று பொங்கித் தெறிப்பதை அது தடுக்கும். ஆகவே கம்பியால் மட்டும் கட்டி முடித்துவிட்டால் நன்றாக இருக்காது. நாலைந்து மணியாவது கீழே தொங்கட்டும்.

கண்ணாடிக் கம்பி, காகிதம், உலோக வலை

கோரி, கோனா கருவிகளில் வரும் கண்ணாடிக் கம்பி, தன் கனத்தாலேயே தண்டின் வாயில் உட்காரும். கம்பியின் மேடு பள்ளமான பரப்புக்கும் கண்ணாடி வாய்க்கும் இடையில் உள்ள மெல்லிய சந்துகளில் காபி இறங்கும், துகள் நின்றுவிடும். துணியே வேண்டாம், வாசனை ஏறாது, கழுவுவது சுலபம். ஆனால் இதை வீட்டில் செய்ய முடியாது. ஒரு கோலிக்குண்டைப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. வழவழப்பான உருண்டை வட்ட வாயில் முழுதாக மூடிக்கொள்ளும், மேலேறும் உதைப்பில் எகிறும், சாதாரணக் கண்ணாடி என்பதால் வெந்நீரில் விரிசலும் விடலாம். பழைய கோரி கம்பி ஒன்று தனியாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வேறு நிறுவனங்களின் பல குடுவைகளிலும் அது பொருந்தும். சில்லு பெயர்ந்த கம்பியை மட்டும் தொடாதீர்கள். கம்பியோடு போடும்போது தூளைச் சற்றுக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும்.

காகிதம் தனியாக நிற்காது, குமிழி அதைத் தூக்கிவிடும். துளைத் தட்டின் மேல் காகித வட்டத்தை வைத்து, அதன் மேல் மெல்லிய மல் துணி ஒரு மடிப்பு போர்த்திக் கட்டினால் தாங்கும். ஏரோபிரஸ் என்னும் காபி கருவிக்கான காகித வட்டங்கள் ஏறக்குறைய 64 மி.மீ. விட்டம். 50 மி.மீ. தட்டுக்கு விளிம்பு மடித்துவிட அது சௌகரியமான அளவு. காபி மிகத் தெளிவாக வரும், ஆனால் இறங்க நேரம் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் கட்டி அவிழ்க்க வேண்டும் என்பதால் எனக்கு இது அவசரத்துக்கு மட்டும்.

எவர்சில்வர் வலையில், 100 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 100 கண்கள்) என்றால் கண்ணளவு சுமார் 150 மைக்ரான், 200 மெஷ் என்றால் சுமார் 75. இரண்டாவதுதான் காபிக்கு ஆகும். அது மெலிசாக இருப்பதால் துளைத் தட்டின் மேல் போர்த்தி, விளிம்பை அடியில் மடித்துவிட வேண்டும். உலோக விளிம்பு கண்ணாடியோடு துணியைப் போல இழைந்து உட்காராது, கோப்பையின் அடியில் கொஞ்சம் வண்டல் நிற்கும். அந்தக் கனமான சுவை பிடித்தவர்களுக்கு இது சரி.

பஞ்சு, ஸ்பாஞ்சு, இரும்பு நார் எதையும் தண்டுக்குள் திணிக்காதீர்கள். தண்டு அடைபட்ட நிலையில் கீழே சூடேறினால் அழுத்தத்துக்கு வேறு வழி இல்லை. மேல் குடுவை எகிறி, கொதிநீர் தெறிக்கும்.

முதலில் வெறும் தண்ணீரில்

புது வடிகட்டியோடு நேரே காபி போட வேண்டாம். வெறும் தண்ணீரில் ஒரு சுற்று ஓட்டுங்கள். கீழ்க் குடுவையின் வெளிப்புறம் ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். தண்ணீர் மேலேறத் தொடங்கியதும் கண்ணாடியோடு கண்ணை ஒட்டி வடிகட்டியின் விளிம்பைப் பாருங்கள். குமிழிகள் சிறிசாக, பரவலாக வந்தால் நல்லது. ஒரே இடத்திலிருந்து பெரிய குமிழிகள் கோத்த மாலையாகக் கிளம்பினால், அந்தப் பக்கம்தான் தூக்கியிருக்கிறது. மரக் கரண்டியின் நுனியால் தட்டை மெல்ல எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். மாலை கலைந்து, குமிழிகள் சுற்றிலும் பரவுவது கண்ணெதிரே தெரியும். நகர்த்தியும் நிற்கவில்லை என்றால் வளையம் மையத்தில் இல்லை, இல்லையேல் துணி மடிப்பு ஒரு பக்கம் குவிந்திருக்கிறது. அவிழ்த்துச் சரி செய்யுங்கள்.

அடுப்பை அணைத்து, தண்ணீர் முழுக்க இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்து வையுங்கள். இந்த எண் பிறகு உதவும்.

அப்புறம் காபி. ஒரு லிட்டருக்கு 60 கிராம் கணக்கில் தூள், நடுத்தர அரைப்பு. தண்ணீர் மேலே வந்த பிறகு தூளைப் போட்டுக் கலக்கி, ஒரு நிமிடம் ஊற விட்டு அணையுங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் இறங்கினால் வடிகட்டி தேறிவிட்டது. கடைசியில் கீழ்க் குடுவையில் காற்று புகுந்து நுரைத்துக் குமுறும்.

இறங்காமல் நின்றுவிட்டால்

இரண்டு காரணங்கள் இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேல் குடுவை இறுகப் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தால், கீழே வெற்றிடம் நன்றாக இருக்கிறது, வடிகட்டிதான் அடைத்திருக்கிறது. குடுவை தளர்வாக இருந்து, தண்ணீர் ஏறும்போதே இரு குடுவைகளும் சேரும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தின் ஓரம் ஆவி சீறியிருந்தால், குற்றம் அந்த ரப்பர் வளையத்தில். அதை மாற்றாமல் துணியை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

அடைப்பு என்றால், சிறு தீயில் 10 வினாடி போலக் காட்டி எடுங்கள். மேலேறும் குமிழி சக்கையை வடிகட்டியிலிருந்து உதறிவிடும், மறுபடி இறங்கத் தொடங்கும். குளிர்ந்த துணியைக் கீழ்க் குடுவையில் சுற்றாதீர்கள், பழைய கண்ணாடி திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காது. பலம் கொண்டு மேல் குடுவையைப் பிடுங்கவும் வேண்டாம். ஆற விட்டு, பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் காற்று புகுந்து கழன்றுகொள்ளும். அடுத்த தடவை தூளைச் சற்றுப் பெருசாக அரையுங்கள். அதிகம் கலக்குவதும் நுண்தூளைத் துணியில் கொண்டுபோய் அப்பும்.

துணியைக் காப்பாற்றுவது

காபியின் எண்ணெய் துணியில் தங்கிக் காறல் அடிக்கும். போட்ட உடனே, சூடு ஆறுவதற்குள், ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்து அலசுங்கள். சோப்பு கூடாது. தினமும் போடுபவர்கள் துணியைத் தண்ணீரில் மூழ்க வைத்து ஃபிரிட்ஜில் வைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றலாம். எப்போதாவது போடுபவர்கள் கொதிக்க வைத்து, காற்றில் நன்றாகக் காய வைத்து எடுத்து வைப்பது மேல். அரை ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். பழைய உலோகத் தட்டில் கறுப்பேறியிருந்தால் சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊற வைக்கலாம். அலுமினியத் தட்டுக்கு மட்டும் இது ஆகாது, அரித்துவிடும்.

வெறும் தண்ணீரில் குறித்து வைத்த வினாடிக் கணக்கை அவ்வப்போது மறுபடி பாருங்கள். கொதிக்க வைத்த பிறகும் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டால் துணியின் காலம் முடிந்தது. நூலை வெட்டிப் பழையதை எறிந்துவிட்டு, முதலில் கொதிக்க வைத்த துணியிலேயே நாலைந்து வட்டங்கள் கூடுதலாக வெட்டி வைத்திருந்தால், அடுத்ததைத் தைத்துப் போடக் கால் மணி நேரம் போதும். அந்தக் காகித அச்சில் கருவியின் பெயரையும் சங்கிலியின் நீளத்தையும் எழுதி, வட்டங்களோடு சேர்த்து வையுங்கள்.